“எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு”: கர்ப்பிணிகளுக்கு வாட்ஸ்அப் குழு நடத்தியதில் பட்டதும் கற்றதும்

பெங்களூரு லிங்கராஜபுரம் பக்கம், மாசமாக இருக்கிற தமிழ்ப் பெண்களுக்காக ஒரு வாட்ஸ்அப் குழு நடத்திவருகிறேன். நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. வீட்டில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறவள். “எங்க ஏரியாவுலயும் இப்படி ஒண்ணு ஆரம்பிக்கலாம்னு இருக்கோம், எப்படிப் பண்றது?” என்று அவ்வப்போது யாராவது கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் போனில் அரைகுறையாகச் சொல்வதைவிட, நடந்ததை நடந்தபடி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நல்ல காரியம், நாலு பேரைச் சேர்த்து நாலு தகவல் அனுப்பினால் போதும் என்றுதான் என்னிடம் எல்லோரும் சொன்னார்கள். தூக்கம் போகும், காசு போகும், சில நாள் சோறே இறங்காது என்று ஒருவரும் சொல்லவில்லை.

இதில் நான் இறங்கியதே என் தலைப்பிரசவத்தால்தான். எட்டாம் மாசம். சாயங்காலமானால் கால் வீங்கிக்கொண்டிருந்தது. அது பலருக்கும் வருவதுதான், நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்த வாரம் காலையில் எழும்போதே முகம் உப்பியிருந்தது. கல்யாண மோதிரம் சோப்பு நுரை போட்டும் கழலவில்லை. நெற்றிப்பொட்டில் விண்விண்ணென்று தலைவலி. மாத்திரை போட்டும் விடவில்லை. சொந்தக்காரப் பெண்கள் இருந்த குழுவில் கேட்டேன். பதில்கள் வந்து குவிந்தன. “எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, ஒண்ணும் ஆகாது.” “உப்பைக் குறை.” “பார்லி தண்ணி குடி, எல்லாம் வடிஞ்சுடும்.” “கண்ணு பட்டிருக்கும், சுத்திப் போடச் சொல்லு.” எல்லோரும் என் மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். அந்தப் பாசத்தைப் படித்துப் படித்தே ஒரு பகல் போய்விட்டது. பொழுது சாய்ந்ததும் கண்ணுக்கு முன்னால் பொட்டுப் பொட்டாக மின்னத் தொடங்கியது. வலது விலாவுக்குக் கீழே பிடித்து இழுத்தது. வாயு என்று நினைத்து சீரகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். ஷிஃப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, நேராக ஆட்டோ பிடித்தார்.

பக்கத்து நர்சிங் ஹோமில் பிரஷர் 170க்கு 110. சிறுநீரில் புரதம், நம் பேச்சில் ‘உப்பு’. முன்பணம் வாங்கிக்கொண்டு, ஒரு மணி நேரம் படுக்கவைத்துவிட்டு, “குறைமாசக் குழந்தைக்கு இங்கே வசதி கிடையாது” என்று வேறு இடத்துக்கு அனுப்பினார்கள். இரண்டாவது ஆஸ்பத்திரியில் வலிப்பு வராமல் இருக்க மெக்னீசியம் ஊசி போட்டார்கள். அது உள்ளே ஏறும்போது தலையிலிருந்து கால் வரை தகிக்கும், தொண்டை வறளும், பயந்துவிடாதீர்கள். குழந்தையின் நுரையீரலுக்கு ஸ்டீராய்டு ஊசி. அப்புறம் ஆபரேஷன். பெண் குழந்தை, 1,600 கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தவளைக் கையை நுழைத்துத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவேன். பார்க்க வந்தவர்களில் ஒரு பெரியம்மா, “ஏழாம் மாசம்னா தங்கும், எட்டாம் மாசந்தான் தங்காது” என்று என் காதுபடவே சொல்லிவிட்டுப் போனார். அன்று ராத்திரி அழுதது இன்னும் மறக்கவில்லை. மறுநாள் வார்டு நர்ஸ்தான் தேற்றினார்: வயிற்றுக்குள் ஒவ்வொரு வாரம் கூடக்கூடக் குழந்தைக்கு நல்லதுதான், ஏழைவிட எட்டு மேல், அவ்வளவுதான் கணக்கு. பில் மூன்று லட்சத்தைத் தாண்டியது. நகை அடகுக்குப் போனது, ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தோம். அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவம், ஆபரேஷன், மருந்து, ரத்தம், போக்குவரத்து எல்லாம் இலவசம் என்று 2011லிருந்தே மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது என்பதும், வாணி விலாஸ் மாதிரி பெரிய அரசு மகப்பேறு மருத்துவமனை இதே ஊரில் இருப்பதும் அந்த நேரத்தில் எங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. தனியாரில் காட்டினாலும், நெருக்கடி வந்தால் போக வேண்டிய அரசு ஆஸ்பத்திரி எது, குழந்தைக்குத் தீவிர சிகிச்சை எங்கே இருக்கிறது என்று ஆறாம் மாசத்துக்குள் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

மகள் தேறி வீட்டுக்கு வந்த பிறகுதான் குழுவை ஆரம்பித்தேன். அங்கன்வாடியில் சந்தித்த பெண்கள், எங்கள் ஏரியாவின் ‘ஆஷா’ சுகாதாரப் பணியாளர் அம்மா அனுப்பிவைத்தவர்கள், டியூஷன் பிள்ளைகளின் சித்திமார், அத்தைமார் என்று கூட்டம் சேர்ந்தது. முதலில் எழுத்தில் அனுப்பினேன். நீலக்குறி விழும், பதில் வராது. ஏன் என்று ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டபோது விஷயம் புரிந்தது. இங்கே பிறந்து வளர்ந்த பெண்கள் பலர் கன்னடத்திலோ இங்கிலீஷிலோ படித்தவர்கள். வாய் நிறையத் தமிழ் பேசுவார்கள், தமிழ் எழுத்து வராது. கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்களில் சிலருக்கு எந்த எழுத்துமே வராது. அதனால் குரல் பதிவுக்கு மாறினேன். ஒரு பதிவில் ஒரே ஒரு அறிகுறி, ஒரு நிமிஷத்துக்கு மேல் கிடையாது, கடைசி வரியில் எங்கே போக வேண்டும் என்பது. இந்தக் கடைசி வரி என் யோசனை இல்லை. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவர் இருக்கிறார். எதையும் அவர் கேட்டுச் சரி சொன்ன பிறகுதான் அனுப்புவேன். முதல் பதிவைக் கேட்டுவிட்டு, “எங்க போகணும்னு சொல்லாம இப்படிப் பயமுறுத்தினா அவ ராத்திரி பூரா முழிச்சுக்கிட்டுதான் கிடப்பா” என்றார். நீங்கள் ஆரம்பிப்பதாக இருந்தால் இப்படி ஒரு ஆளை முதலில் பிடியுங்கள், குழுவுக்குப் பெயர் வைப்பதெல்லாம் அப்புறம்.

அடுத்தது போன். நாம் ‘அவளுக்கு’ அனுப்புகிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம். பாதி வீடுகளில் போன் புருஷனுடையது, அவரோடு வேலைக்குப் போய்விட்டு ராத்திரிதான் திரும்பும். மும்பையில் ‘எம்மித்ரா’ என்று கர்ப்பிணிகளுக்குக் குரல் அழைப்பு அனுப்பும் திட்டம் ஒன்று இருக்கிறது, அர்மான் என்ற தொண்டு நிறுவனம் நடத்துவது. அதில் சேரும்போதே எந்த நேரத்தில் அழைத்தால் வசதி என்று பெண்ணிடம் கேட்டுக்கொள்வார்களாம். மத்திய அரசின் ‘கில்காரி’யும் 2016லிருந்து நாலாம் மாசம் தொடங்கி குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை வாரம் ஒரு குரல் அழைப்பு என்று பல மாநிலங்களில் நடக்கிறது. நானும் எம்மித்ராவைப் பார்த்து, போன் எப்போது உங்கள் கையில் இருக்கும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். ராத்திரி எட்டரைதான் பெரும்பாலோருக்கு ஒத்துவந்தது, சீரியல் நேரம் என்றாலும்.

புருஷன்மார் எண்ணிலிருந்து சேர்ந்ததில் இன்னொரு தொல்லை. ஆம்பளைகள் இருக்கிற இடத்தில் உதிரம் படுவதையும் வெள்ளை படுவதையும் எந்தப் பெண் பேசுவாள்? போதாக்குறைக்கு, குழுவில் எல்லோர் எண்ணும் எல்லோருக்கும் தெரியும். ஒரு ஆள் அங்கிருந்து எண்ணை எடுத்து ஒரு பெண்ணுக்கு ராத்திரியில் போன் போட ஆரம்பித்தான். அவள் வீட்டில் அடி வாங்கியதே அதனால்தான். அதன் பிறகு ஆண்களுக்குத் தனிக் குழு போட்டேன். சொல்லப்போனால் அதுதான் அதிகம் பயன்படுகிறது. ராத்திரியில் கூப்பிட்டால் வரும் ஆட்டோக்காரர் யார், ரத்தம் கொடுக்க யார் இருக்கிறார்கள், கையில் எவ்வளவு ரொக்கம் வைத்திருக்க வேண்டும் என்றெல்லாம் அவர்களிடம் கேட்டால் சுறுசுறுப்பாகப் பதில் வருகிறது. “தலைவலி, கண் மங்கல் என்று அவங்க சொன்னா மாத்திரை வாங்கக் கடைக்கு ஓடாதீங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க” என்பதையும் அங்கேதான் அடிக்கடி போடுகிறேன்.

என்னென்ன அறிகுறிகளைச் சொல்கிறேன் என்று கேட்பவர்களுக்கு: நோயின் பெயரே சொல்வதில்லை. உடம்பில் என்ன தெரியும் என்பதை மட்டும். மோதிரம் கழலாத அளவுக்குக் கை வீக்கம், முகம் உப்புவது, விடாத தலைவலி, கண் மங்குவது அல்லது மின்னுவது, மேல் வயிற்று வலி, இதில் எது வந்தாலும் அன்றைக்கே பிரஷர் பார்க்க வேண்டும். 140க்கு 90ஐத் தொட்டாலே டாக்டருக்குத் தெரியவேண்டும், 160க்கு 110 என்றால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. உதிரம் சொட்டாகப் பட்டாலும் போய்க் காட்ட வேண்டும், “சூட்டினால வருது, இளநீர் குடி” என்று வீட்டில் சொன்னாலும் சரி. பனிக்குடம் உடைந்தால் வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சிறுநீரா பனிக்குட நீரா என்று சந்தேகம் வந்தால் நாப்கின் வைத்துக்கொண்டு, அதையும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டலாம். குளிர் காய்ச்சல், மூச்சு வாங்குவது, வலிப்பு, இவற்றுக்கு உடனே போக வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் ராத்திரியில் தாங்க முடியாத அரிப்பு வருவதும் ஈரல் சம்பந்தப்பட்ட கோளாறாக இருக்கலாம் என்பது எனக்கே நர்ஸம்மா சொல்லித்தான் தெரியும். குழுவில் இருவர் அதைக் கேட்டுப் போய்ப் பரிசோதித்துக்கொண்டார்கள்.

குழந்தை அசைவைப் பற்றித்தான் விலாவாரியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னை உலுக்கிப்போட்டது அதுதான். ஒன்பதாம் மாசத்தில் இருந்த ஒரு பெண் ராத்திரி பதினொன்றரை வாக்கில் குழுவில் கேட்டாள்: “பாப்பா காலையிலேர்ந்து அவ்வளவா அசையல, இப்படி இருக்குமாக்கா?” நாங்கள் எல்லோரும் தூங்கிவிட்டோம். முழித்திருந்த ஒருத்தி நல்ல மனதோடு பதில் போட்டிருந்தாள்: “எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. தலை எறங்கிட்டா அசைவு கம்மியாயிடும். தூங்கு.” பால் வாங்கப் போகும்போது நான் அதைப் பார்த்தேன். கையிலிருந்த பால் பாக்கெட்டோடு அவள் வீட்டுக்கே ஓடினேன். ஆஸ்பத்திரியில் துடிப்பு இல்லை என்றார்கள். ராத்திரியே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று கேட்டேன். அதைச் சொல்ல முடியாது என்று அந்த டாக்டரம்மா நேர்மையாகச் சொன்னார். அந்த “சொல்ல முடியாது” இருக்கிறதே, அதை வைத்துக்கொண்டு தூங்க முடியாது. அவளுடைய மாமியார் என் வாசலில் நின்று, “குரூப்பு நடத்துறியே, பார்க்க மாட்டியா?” என்று தெருவே கேட்கக் கத்தினார். நான் பதில் பேசவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த வீடு, அவர்கள் கத்தத்தான் செய்வார்கள். ஆனால் உள்ளே ஒரே ஆத்திரம். சம்பளமா வாங்குகிறேன்? யாரிடமும் சொல்லி அழவும் ஆள் இல்லை. குழுவைக் கலைத்துவிடுவது என்றே முடிவுசெய்து, டியூஷனையும் நிறுத்திவிட்டு வீட்டோடு கிடந்தேன். அந்த மாச வருமானமும் போயிற்று.

திரும்ப நடத்தலாம் என்று தோன்றியபோது இரண்டு விஷயங்களை மாற்றாமல் முடியாது என்று நர்ஸம்மாவிடம் சொன்னேன். ஒன்று, யாராவது ஆபத்து அறிகுறியைச் சொன்னால் அதற்கு யாரும் அபிப்பிராயம் சொல்லக் கூடாது. கேள்விதான் கேட்கலாம்: “எங்கே போறே? கூட யார் வர்றா? கிளம்பிட்டியா?” இந்த மூன்றும்தான் அனுமதி. “எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு” என்று வந்தால், அனுப்பியது யாராக இருந்தாலும் அட்மின் அதை அழித்துவிடுவார். முதலில் சண்டை வந்தது. “ஆறுதல்கூடச் சொல்லக் கூடாதா?” என்று கோபித்துக்கொண்டு இரண்டு பேர் வெளியேறினார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டேன். புளிப்பு தின்ன ஆசை, தூக்கம் வரவில்லை, மாமியார் திட்டுகிறார், இதற்கெல்லாம் எவ்வளவு வேண்டுமானாலும் ஆறுதல் சொல்லட்டும். மற்றவளுக்கு ஒன்றும் ஆகாமல் போனது அவளுடைய அதிர்ஷ்டம். அதை வைத்துக்கொண்டு இன்னொருத்தியின் வயிற்றுக்குச் சான்றிதழ் கொடுக்க முடியாது.

இரண்டாவது, ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை குழுவைப் பூட்டிவிடுவது. அட்மின் மட்டும் செய்தி அனுப்பலாம் என்று அமைப்பில் மாற்றினால் போதும். மேலே பின் செய்த குரல் பதிவு ஒன்று இருக்கும்: ராத்திரியில் இங்கே யாரும் முழித்திருக்க மாட்டோம், உங்கள் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வண்டிக்கு 108ஐக் கூப்பிடுங்கள். கேட்பதற்குக் கல் நெஞ்சுக்காரி மாதிரித் தெரியும். ஆனால் கேள்வியைப் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற அந்த நேரம்தான் விபரீதம். கேட்க முடியாது என்றால் கிளம்பிவிடுகிறார்கள். பின் செய்தது முப்பது நாளில் தானாகக் கழன்றுவிடும், மறக்காமல் திரும்பக் குத்த வேண்டும். அசைவு பற்றிய பதிவையும் மாற்றினோம். ஏழு மாசம் ஆனதிலிருந்து, இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து எண்ணினால் இரண்டு மணி நேரத்துக்குள் பத்து அசைவாவது தெரிய வேண்டும். அதைவிட முக்கியம், தன் குழந்தை வழக்கமாக எப்போது ஆடும் என்று தாய்க்குத் தெரியும். அது மாறினால் எண்ணிக்கொண்டும் இருக்க வேண்டாம், போய்விட வேண்டும். தலை இறங்கினால் அசைவின் விதம் மாறலாம், ஆனால் குறையக் கூடாது.

குழந்தையை இழந்த அந்தப் பெண்ணைக் குழுவில் என்ன செய்வது என்பதும் எனக்குத் தெரியவில்லை. சத்தமில்லாமல் எடுத்துவிட்டால் விரட்டிவிட்டது மாதிரி, வைத்திருந்தால் தினமும் யாராவது தொட்டில் போட்டோ போடுகிறார்கள். நேரில் போய் அவளையே கேட்டேன். “நானே வெளியேறிக்கிறேன்க்கா, ஆனா நீங்க மட்டும் பேசுங்க” என்றாள். அதிலிருந்து குழந்தைப் போட்டோக்களைக் குழுவில் போடக் கூடாது, தனித்தனியாக அனுப்பிக்கொள்ளுங்கள் என்று வைத்திருக்கிறோம். இந்த ஒரு விதியை மட்டும் யாரும் எதிர்க்கவில்லை.

சின்னச் சின்னத் தலைவலிகளும் உண்டு, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வயிற்றின் வாகைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்கிறேன் என ஒருத்தர், எங்கே ஸ்கேனில் சொல்வார்கள் என்று கேட்க இன்னொருத்தர். இரண்டாவது 1994 சட்டப்படி குற்றம், அன்றைக்கே நீக்கினேன். பப்பாளி, குங்குமப்பூ ஃபார்வர்டுகள் ஓயாது. சத்துமாவு விற்பவர்கள் கர்ப்பிணி மாதிரியே சேர்ந்துவிடுவார்கள். ஒரு நர்சிங் ஹோம் ஆள், கேஸ் அனுப்பினால் ‘கவனித்துக்கொள்வதாக’ வந்து பேசினார். வாங்கியிருந்தால் அடகு நகையில் ஒன்றாவது திரும்பியிருக்கும் என்று வீட்டில் இன்னும் கிண்டல் நடக்கிறது. இரண்டாயிரம் ரூபாய்க்குக் கையில் கட்டும் பிரஷர் மிஷின் ஒன்று பொதுவாக வாங்கினோம். அதிலும் ஒரு சிக்கல், 130 காட்டினால் “பரவாயில்லையே” என்று தலைவலியோடு படுத்துவிடுகிறார்கள். மிஷின் என்ன காட்டினாலும் அறிகுறி இருந்தால் போ என்று அதன் உறையிலேயே ஒட்டிவைத்திருக்கிறேன்.

நம் ஊர்க்காரர்களுக்கு என்றே ஒரு பிரச்சினை இருக்கிறது. இங்கே மாதாமாதம் காட்டிவிட்டு, வளைகாப்பு முடிந்ததும் பிரசவத்துக்கு வேலூர், தர்மபுரி என்று தாய்வீடு போய்விடுகிறார்கள். கர்ப்பிணிகளுக்குக் கர்நாடகத்தில் கொடுக்கும் தாயி கார்டு பீரோவில் கிடக்கும், அங்கே போனதும் பிக்மி எண், அதாவது தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிந்தால் கொடுக்கும் எண், எங்கே என்று கேட்பார்கள். பெயர் பதியாமல் அலைந்தவர்கள் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள். இங்கே பதிந்த கார்டு, ரத்த வகை, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அவரவர் போனிலும், அம்மா போனிலும், புருஷன் போனிலும் வைத்துக்கொள்ளச் சொல்கிறோம். ஊருக்குப் போன வாரமே அங்குள்ள கிராம சுகாதார நர்ஸைப் பார்த்துப் பதிந்துகொள்ள வேண்டும். முக்கியமாக, முந்தைய பிரஷர் அளவுகள் அங்குள்ள டாக்டருக்குத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் ஏறியிருக்கிறதா, எப்போதும் இப்படியா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

பிரசவம் ஆனதும் குழுவிலிருந்து போய்விடுவது வழக்கமாக இருந்தது. இப்போது ஆறு வாரம் முடியும்வரை விடுவதில்லை. பிரஷர் குழந்தை பிறந்த பிறகும் ஏறும், வலிப்பும் வரலாம். பத்தியச் சாப்பாடு, தீட்டு, அறைக்குள்ளேயே இருப்பது என்று அந்த நாள்களில்தான் அவளை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை, வருகிறவர்கள் எல்லாம் குழந்தையைப் பார்க்கத்தான் வருகிறார்கள். ஒரு மணி நேரத்துக்குள் நாப்கின் நனைவது, துர்நாற்றத்தோடு படுவது, காய்ச்சல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், இந்தப் பதிவுகள் எல்லாம் அப்போது போகும்.

இப்போது அட்மின் மூன்று பேர், வாரம் ஒருவர் முறை வைத்துக்கொள்கிறோம். என் முறை இல்லாத வாரத்தில் குழுவைத் திறந்தே பார்ப்பதில்லை. இதைக் கற்றுக்கொள்ளத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. ரீசார்ஜ், அவசரத்துக்குக் கொடுத்துத் திரும்பாத ஆட்டோக் காசு என்று கைக்காசு போனதைக் கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டேன், பார்த்தால் வீட்டுக்காரரோடு சண்டைதான் வரும். குரல் பதிவுகள் வேண்டும் என்பவர்களுக்கு அனுப்பிவைக்கிறேன். உங்கள் பக்கத்தில் நர்ஸோ டாக்டரோ ஒருவர் கேட்டுச் சரி சொன்ன பிறகு பயன்படுத்துங்கள், கடைசி வரியில் நான் சொல்லும் ஆஸ்பத்திரிப் பெயரை எடுத்துவிட்டு உங்கள் ஏரியா ஆஸ்பத்திரியின் பெயரைப் பேசிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.